அத்தியாயம் 7: ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள்

ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளில் பழுது தேடும் வேலை, கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பே காதாலும் மூக்காலும் தொடங்கிவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் எந்தச் சத்தம் வந்தது, எந்தச் சத்தம் வரவில்லை, பெட்ரோல் வாடை எங்கிருந்து அடிக்கிறது என்பவற்றைக் கவனித்தாலே பழுது இருக்கும் பக்கம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படிக் கவனிக்காமல் கார்புரேட்டரைக் கழற்றுவதிலோ புது பிளக் வாங்குவதிலோ தொடங்குபவர்கள், ஒரு பழுதோடு நின்ற வண்டியை இரண்டு பழுதுகளோடு பட்டறைக்குத் தள்ளிச் செல்ல நேர்கிறது. ஆகவே இந்த அத்தியாயம் செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்கும், கழற்றாமல் பார்க்கக்கூடியதிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டியதற்கும் படிப்படியாகச் செல்கிறது. இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

எஞ்சின் உயிர்பெற நான்கு வேண்டும்: எஞ்சினைச் சுற்றிவிடும் விசை, சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அந்தக் கலவையை சிலிண்டருக்குள் நெருக்கிப் பிடிக்கும் அழுத்தம், அதைப் பற்றவைக்கும் தீப்பொறி. அழுத்தம் என்பதையே மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் என்கிறார்கள். இந்த நான்கில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதற்கு மேல் இங்கே வேறு கோட்பாடு தேவையில்லை.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளை இந்த வேலைக்காக இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகையில் பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்புரேட்டர். இரண்டாம் வகையில், டேங்குக்குள் இருக்கும் மின்பம்பு அழுத்தத்தோடு அனுப்பும் பெட்ரோலை, ஒரு மின்னணுப் பெட்டியின் கட்டளைப்படி இன்ஜெக்டர் என்னும் நுண்துளைக் குழாய் பீய்ச்சுகிறது. இதைச் சுருக்கமாக எஃப்.ஐ. என்பார்கள். பி.எஸ். 6 புகை விதிகள் 2020 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்ததால், அதற்குப் பின் விற்கப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தன்னுடைய வண்டி எந்த வகை என்று அறியாதவர் அதன் கையேட்டைப் பார்த்துத் தெளிந்துகொண்ட பிறகே மேலே படிக்க வேண்டும். ஒன்றுக்குப் பொருந்தும் வைத்தியம் மற்றதற்குக் கெடுதலாக முடியக்கூடும்.

தொடங்குமுன் பாதுகாப்பு

வண்டி காற்றோட்டமான இடத்தில், சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். எஞ்சின் வெளியேற்றும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு என்பதால், மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டிச் சோதிப்பது உயிருக்கே ஆபத்தானது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று இருட்டில் தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. டேங்கின் வாயில் நிற்பது பெட்ரோல் ஆவி, பெட்ரோலைவிட ஆவிதான் முதலில் பற்றும் என்பதால், டார்ச் வெளிச்சம் இல்லையென்றால் வண்டியை ஆட்டி உள்ளே தளும்பும் சத்தத்தைக் கேட்பதே முறை. ஓடி நின்ற எஞ்சினையும் சைலன்சரையும் ஆறவிட்ட பிறகே தொட வேண்டும். கிக்கரை வெறுங்காலோடு உதைக்கக் கூடாது. குறிப்பாகப் பழைய புல்லட் போன்ற பெரிய எஞ்சின்களில் அரைமனதாக உதைத்தால் கிக்கர் திரும்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும்.

கருவி எடுக்காமல் செய்யும் சோதனை

1. கில் சுவிட்ச் 'ஓடு' நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது கைப்பிடிக்கு அருகில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும் இந்தச் சுவிட்ச், வண்டி நிறுத்துமிடங்களில் குழந்தைகளின் கையோ பக்கத்து வண்டியின் கைப்பிடியோ பட்டு மாறிவிடுவது உண்டு.

2. சைடு ஸ்டாண்டை முழுதாக மடக்க வேண்டும். ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினை ஓடவிடாத சென்சார் பல புது வண்டிகளில் உள்ளது. அதன்மேல் சேறு அப்பியிருந்தால், ஸ்டாண்டு மடங்கியிருந்தாலும் அது இறங்கியிருப்பதாகவே சென்சார் எடுத்துக்கொள்ளும்.

3. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து, கிளட்சையும் முழுதாகப் பிடித்துக்கொண்டு செல்ஃப் பொத்தானை அழுத்த வேண்டும். கிளட்ச் லிவரின் அடியில் உள்ள சிறு சுவிட்ச் கெட்டுவிட்டால், கிளட்ச் பிடித்தும் செல்ஃப் இயங்காத மாடல்கள் உண்டு.

4. டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெட்ரோல் முள் பொய் சொல்லும். கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பி அரை நிமிடம் பொறுக்க வேண்டும்.

5. வண்டி சற்று முன் கீழே விழுந்திருந்தால், சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். சாய்வை உணர்ந்து எஞ்சினை நிறுத்தும் சென்சார் உள்ள வண்டிகளில், சாவியை ஒருமுறை அணைத்துப் போடும்வரை எஞ்சின் ஓடாது.

6. எஃப்.ஐ. வண்டியில் சாவியைப் போட்டதும் டேங்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று வினாடிகளுக்கு 'ம்ம்ம்' என்று பம்பு ஓடும் மெல்லிய சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்பு ஆகிய மூன்றில் ஒன்றை ஐயப்படலாம். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எந்த நிலையில் எரிந்து எந்த நிலையில் அணைய வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும்; கையேட்டில் உள்ளதற்கு மாறாக அது நிலைத்தோ விட்டுவிட்டோ எரிந்தால், மின்னணுப் பெட்டி ஏதோ குறையைப் பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால்

ஹாரனே இங்கு முதல் சோதனைக் கருவி. ஹாரன் கம்மிய குரலில் கத்தினாலோ, செல்ஃபை அழுத்தும்போது மீட்டர் விளக்கு மங்கினாலோ பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஹாரன் கணீரென்று ஒலித்தும் செல்ஃபை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லையென்றால், கிளட்ச் அல்லது ஸ்டாண்டு சுவிட்ச், செல்ஃப் பொத்தான், ரிலே ஆகியவற்றில் பழுது இருக்கலாம். ரிலே என்பது பொத்தானின் சிறு மின்சாரத்தைக் கொண்டு செல்ஃப் மோட்டாருக்கான பெரு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். 'டக்டக்டக்' என்று அது தொடர்ந்து துடித்தால் பேட்டரி நலிந்திருக்கிறது அல்லது முனைகள் தளர்ந்திருக்கின்றன. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ரிலேயின் தொடுமுனைகளோ செல்ஃப் மோட்டாரோ தேய்ந்திருக்கலாம்.

1. பேட்டரி முனைகளின் திருகுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் தோய்த்த துணியால் துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, வாசலின் தடவ வேண்டும். கழற்றும்போது மைனஸ் முனை முதலில். மாட்டும்போது பிளஸ் முனை முதலில். இந்த ஒழுங்கு தவறினால், பிளஸ் முனையில் இருக்கும் ஸ்பேனர் வண்டிச் சட்டத்தில் உரசிப் பெரும் பொறி பறக்கும்.

2. மல்டிமீட்டர் இருந்தால், நேர்மின்சாரம் 20 வோல்ட் நிலையில் வைத்து அளக்க வேண்டும். ஓய்விலுள்ள நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12 வோல்டுக்குக் கீழே இருந்தால் அது காலியாகிவிட்டது. 12.5 காட்டிய பேட்டரி, செல்ஃபை அழுத்தியதும் 9 வோல்டுக்கும் கீழே விழுந்தால், சார்ஜ் ஏற்றினாலும் பெரும்பாலும் நெடுநாள் தாங்காது.

3. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே இருக்கும் இழை அறுந்திருந்தால் அதே ஆம்பியர் எண் பொறித்த ஃபியூஸையே போட வேண்டும். செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டித் தாளையோ சுற்றிப் போடுவது, அறுந்த ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரிங் முழுவதையும் எரியக் கொடுப்பதாகும். புது ஃபியூஸும் உடனே போனால், எங்கோ ஒயர் தோல் உரிந்து சட்டத்தில் படுகிறது என்று அறிந்து அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

4. கிக்கர் உள்ள வண்டியை உதைத்துப் பார்க்கலாம். கிக்கர் இல்லாத வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதானால், சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில், கிளட்ச் பிடித்தபடி மற்றொருவர் தள்ள, வேகம் கிடைத்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு உடனே பிடிக்க வேண்டும். போக்குவரத்து உள்ள சாலையில் இதைச் செய்யக் கூடாது. மேலும், எஃப்.ஐ. வண்டியில் பம்பும் மின்னணுப் பெட்டியும் பேட்டரியை நம்பியே இயங்குவதால், பேட்டரி முற்றிலும் செத்திருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் வீண் உழைப்பே.

குறிப்பு: செல்ஃபை ஒரே மூச்சில் 5 வினாடிக்கு மேல் அழுத்தக் கூடாது, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே குறைந்தது அரை நிமிடம் இடைவெளி வேண்டும். 100 சி.சி. வண்டிகளின் பேட்டரி மிகச் சிறியது என்பதால், பொறுமையிழந்து அழுத்தும் பத்து அழுத்தல்களே நல்ல பேட்டரியையும் காலியாக்கி, பழைய பழுதோடு புதியதொன்றைச் சேர்த்துவிடும்.

சுற்றுகிறது, பற்றவில்லை: தீப்பொறிச் சோதனை

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாதபோது, பெட்ரோலுக்கு முன் தீப்பொறியைச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. பிளக்கைக் கழற்றும் ஒரே வேலையில் தீப்பொறியின் நிலை, பெட்ரோல் வந்துசேரும் நிலை, எஞ்சினின் உள்நலம் ஆகிய மூன்றும் ஒருசேரத் தெரிந்துவிடுகின்றன.

1. ஆறிய எஞ்சினில், பிளக் கேப் எனப்படும் ரப்பர் மூடியை, ஒயரைப் பிடித்து இழுக்காமல் கேப்பையே பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.

2. வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனரைக் கொண்டு பிளக்கைக் கழற்றி, அதன் முனையைப் படிக்க வேண்டும். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. பிசுபிசுத்த கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே எரிகிறது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் பெட்ரோல் குறைவால் எஞ்சின் அளவுமீறிச் சூடாகியிருக்கிறது. பலமுறை உதைத்த பின்னும் முனை வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பற்றவில்லை.

3. 'பிளக்கில் கரண்ட் வருகிறதா' என்று பட்டறைகளில் கேட்பதற்கான சோதனை அடுத்தது. கழற்றிய பிளக்கைத் துளையில் மீண்டும் மாட்டிவிட்டு, வேறொரு நல்ல பிளக்கை கேப்பில் செருகி, அதன் மரை எஞ்சினின் வெற்று உலோகத்தில் உறுதியாகப் படும்படி வைத்து, சாவியைப் போட்டு உதைக்க வேண்டும். 'சட் சட்' என்ற ஓசையோடு நீலப் பொறி தெறித்தால் நல்லது; மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்திருந்தால் குறையுள்ளது. பலரும் துளையைத் திறந்துவைத்தே இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். துளையிலிருந்து சீறி வரும் பெட்ரோல் ஆவிக்கு அருகிலேயே பொறி தெறிப்பதால் அது தீ விபத்துக்கு வழி. பிளக்கை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது; அங்கே வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். கேப்பைப் பிளக் இல்லாமல் தொங்கவிட்டு உதைத்தால், போகும் வழியற்ற அந்த மின்னழுத்தம், அதை உண்டாக்கும் இக்னிஷன் காயிலையோ, பொறி தெறிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டியையோ பழுதாக்கும்.

4. உதிரி பிளக்கில் பொறி வந்தால் பழைய பிளக்தான் குற்றவாளி. பித்தளைத் தூரிகையால் கரியை நீக்கி, இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜ் எனும் தகட்டளவியால் சரிபார்க்க வேண்டும். சாதாரண வண்டிகளில் அது 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் இருக்கும், சரியான எண் கையேட்டில் உண்டு. புது பிளக் சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பதால், கரியைச் சுரண்டி ஓட்டுவது வீடுபோய்ச் சேரும்வரைதான் என்று கொள்வது நல்லது.

5. உதிரி பிளக்கிலும் பொறி இல்லையென்றால், கேப்பைத் திருகி எடுத்து, கறுத்துப்போன ஒயர் நுனியை 5 மி.மீ. அளவு வெட்டிப் புதிய செம்பு தெரியும்படி செய்து மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். மழைநாளில் கேப்புக்குள் புகுந்த ஈரமே பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்பதால், உலர்ந்த துணியால் துடைப்பதும் இந்தப் படியில் அடங்கும். அதற்குப் பின்னும் பொறி வராவிட்டால், காயில், சி.டி.ஐ., மேக்னெட் ஆகியவற்றை அளந்து பார்க்கும் வேலை மெக்கானிக்குடையது.

6. பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் விரலாலேயே கடைசிவரை திருக வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பேனர் போட்டால் மரை கோணலாக ஏறி, அலுமினியத் தலையின் மரை சிதைந்து, சிறு செலவு பெருஞ்செலவாகும். விரலுக்கு இறுகிய பின், புது பிளக்கானால் ஏறத்தாழ அரைச் சுற்று, பழையதானால் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் போதும்.

சில பல்சர் மாடல்களில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகளும், சிலவற்றில் மூன்றும் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டலாகாது.

பெட்ரோல் வரும் வழி

பெட்ரோல் அடைத்துவிடுவது போலவே வழிந்துவிடுவதும் வண்டியை நிறுத்தும். கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கைச் சூடான எஞ்சினில் போட்டு உதைப்பதும், ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே பலமுறை உதைப்பதும் சிலிண்டருக்குள் பெட்ரோலை நிரப்பி பிளக்கை நனைத்துவிடும். இதையே ஓவர்ஃபிளோ ஆகிவிட்டது என்பார்கள். கார்புரேட்டர் வண்டியில் அப்போது டேப்பை மூடி, சோக்கை விலக்கி, சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்து எட்டுப் பத்து முறை உதைத்தபின், பிளக்கைத் துடைத்து மாட்டி, சாவியைப் போட்டுச் சாதாரணமாக உதைக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களின் காலைப் பொழுதிலும், பல நாள் நின்ற வண்டிக்கும் சோக் தேவை. சமவெளியின் கோடையில் அது பெரும்பாலும் தேவையே இல்லை.

பிளக் வறண்டிருந்தால் கார்புரேட்டர் வண்டியில் செய்ய வேண்டியவை:

1. டேங்க் மூடியைத் திறந்து கவனிக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. சில கிலோமீட்டர் ஓடி நிற்பதும், சிறிது நேரம் நின்றால் மறுபடி ஓடுவதுமான வண்டிகளில் இதை முதலில் ஐயப்பட வேண்டும்.

2. கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகின் கீழே கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்து, திருகைத் தளர்த்தி, டேப்பைத் திறக்க வேண்டும். தடையில்லாமல் ஒழுகினால் டேங்கிலிருந்து வரும் வழி சரி. சொட்டிச் சொட்டி நின்றால் டேப்பின் சல்லடையோ குழாயோ அடைபட்டிருக்கிறது.

3. பிடித்த பெட்ரோலைப் பத்து நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். அளவு மிஞ்சியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அந்த அடியிலிருந்துதான். அப்போது டேங்க் முழுவதையும் வடித்தே ஆக வேண்டும், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றுவது பயன் தராது.

எஃப்.ஐ. வண்டியில் குழாய்களைக் கழற்றவே கூடாது. சாவி அணைந்திருந்தாலும் அங்கே அழுத்தம் தங்கியிருக்கும், கழற்றிய நொடியில் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் பீய்ச்சியடிக்கும். இவ்வகை வண்டியை அடிக்கடி சொட்டு மிச்சமில்லாமல் ஓட்டுவதும் தவறு. டேங்குக்குள் உள்ள பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோலே.

காற்றும் அழுத்தமும்

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, அழுக்கோ எலிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வாரம் நின்ற வண்டியில் எலிக்கூடு அரிதல்ல. பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்து, கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் கீழே விழுந்தால் அழுத்தம் போயிருக்கிறது. சாவியை அணைத்து, பிளக் துளையை விரலால் அழுத்தி மூடி உதைக்கும்போது, காற்று விரலைத் தள்ளித் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் வால்வு இடைவெளியோ பிஸ்டன் வளையமோ பார்க்கப்பட வேண்டும். அது சாலையோரத்தில் முடியும் வேலையன்று.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையைச் சூழ்ந்த வெள்ளங்களில் எண்ணற்ற இருசக்கர வண்டிகள் நீரில் நின்றன. வெள்ளம் அன்று செய்த கேட்டைவிட, நீர் வடிந்த மறுநாள் ஆவலோடு அழுத்திய செல்ஃப் செய்யக்கூடிய கேடு பெரிது. காற்றைப்போலத் தண்ணீர் நெருங்கிக் கொடுக்காது; சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுற்றினால், மேலேறும் பிஸ்டன் அதில் முட்டி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே சைலன்சரோ ஏர் ஃபில்டரோ மூழ்கிய வண்டிக்கு இதுவரை சொன்ன வரிசை பொருந்தாது. கீழே உள்ள வரிசையே பொருந்தும்.

1. சாவி போடுதல், செல்ஃப், கிக்கர், கியரில் தள்ளுதல் ஆகிய எதுவும் கூடாது. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும்.

2. முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, சைலன்சரில் உள்ள நீரைப் பின்பக்கமாக வடிக்க வேண்டும்.

3. எஞ்சின் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. முழுவதையும் வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

4. ஏர் ஃபில்டர் பெட்டியின் நீரை வடித்து, காகித ஃபில்டரானால் மாற்ற வேண்டும், நுரைப்பஞ்சானால் அலசி முற்றும் உலர்த்த வேண்டும்.

5. பிளக்கைக் கழற்றி, துளைக்கு மேல் துணியைப் போட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை அழுத்த வேண்டும். கிக்கர் இல்லாத வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, உயர்ந்த கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுழன்று நீர் வெளியேறும். சக்கரத்தை டயரைப் பிடித்தே சுழற்ற வேண்டும். செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் அருகில் விரலைக் கொண்டுபோகக் கூடாது.

6. துளைக்குள் சில துளிகள் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுழற்றினால், சிலிண்டர் சுவரில் துரு பிடிப்பது தடுக்கப்படும்.

7. டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து, ஒயர் இணைப்புகளைப் பிரித்து உலர்த்தி, புது பிளக்கை மாட்டிய பிறகே பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஃப்.ஐ. வண்டியில் டேங்கை வடிக்கும் வேலையையும், மின்னணுப் பெட்டி மூழ்கியிருந்தால் இந்தப் படி முழுவதையும் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது.

8. ஐந்து நிமிடம் ஓடியபின் ஆயிலை மறுபடி பார்த்து, மீண்டும் பால்நிறமாக இருந்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டும். சாலையில் ஏறுமுன் இரண்டு பிரேக்குகளையும் மெதுவான வேகத்தில் பலமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். டிரம்முக்குள் தங்கிய நீர் காயும்வரை அவை பிடிக்காது.

பட்டறைக்குச் செல்லும்போது

எஞ்சின் சுற்றியதா, பிளக் நனைந்திருந்ததா வறண்டிருந்ததா, பொறியின் நிறம் என்ன, பம்பின் சத்தம் கேட்டதா, வண்டி கடைசியாக ஓடியது எப்போது, இதுவரை எவை கழற்றப்பட்டன என்ற ஆறு செய்திகளை ஒரு தாளில் எழுதி வண்டியோடு கொடுத்தால், செய்து முடித்த சோதனைகளை மெக்கானிக் மறுபடி தொடங்க வேண்டியிராது. கழற்றிய பழைய பிளக்கைத் துடைக்காமல் அப்படியே உடன் கொண்டுசெல்ல வேண்டும்.